கம்பம்மெட்டு வளைவும் கட்டற்ற மென்பொருளும்

கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் பொறுப்பை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். கம்பத்தில் தெரிந்தவர் நடத்தும் கேம் சென்டரில் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் கட்டற்ற கார் பந்தய விளையாட்டு ஒன்றை ஏற்றினேன். "இது இலவசம்" என்று பெருமையாக அறிவித்தேன். அங்கிருந்த மற்ற விளையாட்டுகள் எல்லாமே திருட்டு காப்பி என்பதால் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கம்பம்மெட்டு மலைச்சாலையில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்தார்.

"இதுல நம்ம கம்பம்மெட்டு ரோடு இருக்கா சார்?"

"இல்லண்ணே. ஆனா சோர்ஸ் கோடு தொறந்தே கெடக்கு. யாரு வேணும்னாலும் எத வேணும்னாலும் சேக்கலாம்."

"அப்ப சேருங்க."

இப்படி ஒருவர் கேட்பார் என்று கட்டற்ற மென்பொருள் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை. மூன்று மாதம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவைச் செய்து முடித்தேன். அவரை உட்காரவைத்து ஓட்டச் சொன்னேன். வளைவில் திரும்பிய வண்டி சாலைக்குள் புதைந்து, நேராகப் பள்ளத்தில் போய் விழுந்தது.

"நெசத்துல இப்படி ரோடு போட்டா உள்ள தூக்கி வச்சிருப்பாக சார்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

பிறகு பக்கத்துக் கம்ப்யூட்டரில் திருட்டு காப்பியைத் திறந்து, ஏதோ வெளிநாட்டுச் சாலையில் சௌகரியமாக ஓட்ட ஆரம்பித்தார். நான் விளையாட்டின் இணையப் பக்கத்தில் அந்தப் பிழையை முறைப்படி பதிவு செய்தேன். அதைச் சரிசெய்ய முன்வந்தவர்கள் பட்டியலில் இதுவரை என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.