பழுது என்று நான் ஒட்டிய ரெகே

அன்று மிச்சம் (Mitcham) என்னும் ஆங்கிலேய ஊரிலுள்ள, நன்கொடைப் பொருள் விற்கும் எங்கள் சரிட்டி கடையில் இருந்தவர்கள் நால்வர்: மேலாளர் ரேவதி, பெட்டிகளை அடுக்கும் மிருதங்கக்காரர் சிவனேசன், வாடிக்கையாளர் கிளைவ், பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுத் தரம் பிரிக்கும் நான். பிறர் கழித்ததை விற்று அல்லற்படும் அன்பர்களே, நம் தொழிலில் பொருளைவிட அதன்மேல் ஒட்டும் சீட்டுக்கே மதிப்பு. நான் "பழுது" என்று ஒட்டினால், அது மாலையில் குப்பைக்குப் போகும்.

முதல் அடி

காலையில் வந்தது புகழ்பெற்ற பழைய ஜமேக்கா ரெகே அல்பம். தேவாலய ஓர்கன், அமெரிக்க சோல் பாணிக் குழல்கள், தீவின் நாட்டார் முரசு எல்லாம் ஒரே பாட்டில். கீறலே இல்லை. ஆயினும் ஒவ்வொரு தாளச் சுற்றிலும் முதல் அடியில் முரசு விழவில்லை. குறை என்று குறித்தேன். சிவனேசன் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, அது தெரிஞ்சுதான் விட்டுப் பிடிக்கிறாங்கள். நாங்கள் செய்தால் கச்சேரி, அவங்கள் செய்தால் பழுதோ?"

காணாமற்போன குரல்

இரண்டாம் பக்கத்தில் பாடகரின் குரல் நடுச்சொல்லில் அறுந்தது. பேஸ் கிற்றாரும் எதிரொலியும் மட்டும் நடந்தன. பிறகு குரல் மீண்டது. ஊசியைத் துடைத்தேன், தட்டைத் துடைத்தேன். மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது. சீட்டை ஒட்டினேன். ரேவதி ஒத்துக்கொண்டார்.

"ஆமா ஆன்ட்டி, பாதிப் பாட்டுல ஆளே இல்லை. இதை யாரு வாங்குவா?"

கிளைவின் விரல்

வாரந்தோறும் வரும் ஜமேக்கா முதியவர் கிளைவ், சீட்டை இருமுறை வாசித்தார். ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒலிக்கலவைக் குமிழைத் தள்ளி, அந்தக் குரலை வேண்டுமென்றே இறக்கி ஏற்றியது தம் விரல்தான் என்றார். உறையில் அவர் பெயர் இல்லை என்று சுட்டிக்காட்டினேன். "என் வேலைக்கு இதுவரை பெயரே இல்லை, மேடம். இப்போது நீங்கள் ஒன்று வைத்திருக்கிறீர்கள்," என்றார்.

சான்றின்றி நான் எதையும் ஏற்பதில்லை. தட்டை மீண்டும் சுழலவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வோரிடத்திலும் குரல் மறையுமுன்னே விரலைத் தாழ்த்தினார். ஒன்றும் தவறவில்லை. சீட்டை உரித்து, உறையையும் பேனாவையும் அவரிடம் நீட்டினேன்.

"உறையில எழுதினா யாரும் வாங்க மாட்டாங்க, ஆன்ட்டி," என்றார் ரேவதி.

முப்பது ஆண்டுகள் பிறர் விடைத்தாள்களில் பிழை திருத்திய எனக்கு எத்தனை மதிப்பெண் என்று கூறாமலே, உறையின் மூலையில் தம் பெயரைச் சிறிதாக எழுதி, தட்டை ரெகே பெட்டியில் தாமே வைத்துவிட்டு, கிளைவ் வெளியேறினார்.