டோக்கியோவும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டும்

நான் ஓய்வு பெற்ற கண்டக்டர். ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் நின்றபடியே பிழைத்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உலகத்தில் எந்த ஊரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு முதலில் வருகிற கேள்வி, அங்கே எத்தனை ஆள் என்பதுதான். அந்த ஆளையும் பஸ் கணக்கில்தான் அளப்பேன். உட்கார ஐம்பது சொச்சம், நிற்க இருபது, ஆக ஒரு பஸ்ஸுக்கு எழுபது பேர். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து "ஏழு பஸ் ஆளு" என்பேன். ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து அதே மாதிரி சொன்னபோது என் மனைவி, "செத்தவருக்கும் டிக்கெட் கிழிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். நர்சிங் படித்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் திருச்சிக்குப் போய்வந்து ஜப்பான் மொழி படித்தாள். அந்த எழுத்தை நோட்டில் போட்டுப் பழகும்போது பார்த்தால், கோழி கிண்டிய மண் மாதிரி இருக்கும். பரீட்சையில் தேறிவிட்டாள். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஒன்று டோக்கியோவில். இன்னொன்று வடக்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா, அம்மா இரண்டு பேரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மனைவி விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மகள் கையில் போன். அந்தக் காகிதம் என் முன்னால், பேனாவோடு.

"டோக்கியோவுல எம்புட்டு ஆளு ஆத்தா?" என்று மகளைக் கேட்டேன்.

"அக்கம்பக்கம் எல்லாம் சேத்து மூணரைக் கோடிக்கு மேலப்பா."

ஐந்து லட்சம் பஸ். என் சர்வீஸ் முழுக்க ஏற்றி இறக்கினாலும் தீராது. தமிழ்நாட்டில் பாதியைத் தூக்கி ஒரே ஊரில் வைத்த மாதிரி. ஆனால் ஊருக்குள் மட்டும் எடுத்தால் ஒன்றரைக் கோடி கூட இல்லை என்று அடுத்த நிமிஷமே சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு ஊருக்கு இரண்டு கணக்கு எப்படி இருக்கும்?

"அப்பா, திருக்கோகர்ணம் புதுக்கோட்டையா, இல்லையா?"

"ரெண்டும் ஒண்ணுதான். டிக்கெட்டுக்கு ஸ்டேஜ் வேற."

"அங்கயும் அதே கததான்" என்று சிரித்தாள்.

பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அதனால் அது ஜனக்கடல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேடிப் பார்த்தால் அறுபது லட்சம்தான். சென்னையில் அதைவிட அதிகம். லண்டனையே சென்னை முந்திவிடும் போலிருந்தது, புறநகரையும் சேர்த்துக்கொண்டால். ஐஸ்லாந்து என்று ஒரு நாடு இருக்கிறது. கொடி உண்டு, பார்லிமெண்ட் உண்டு, ஆள் நாலு லட்சம் கூட இல்லை. எங்கள் மாவட்டத்துக்குள் அப்படி நாலு நாட்டை வைக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது. "அந்த நாட்டுல ஒரு விசேஷம்னா யாரக் கூப்பிடுவாக?" என்று என் மனைவி கடலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

இரண்டு பேரும் என்னைத் தயார்ப்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். டோக்கியோவின் கூட்டத்தைப் பார்த்து நான் மிரண்டு, சின்ன ஊரே போதும் என்று சொல்லிவிடுவேன் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நான் மிரளவில்லை. டோக்கியோவுக்கு என்றால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"நான் சின்ன ஊருக்குத்தாம்பா போறேன்" என்றாள் மகள்.

"அங்க எம்புட்டு ஆளு?"

"ஆலங்குடி அளவுக்குக்கூட இல்ல. வருசா வருசம் கொறஞ்சுகிட்டே வருதாம். சின்னப் பிள்ளைகளே கெடையாது. பள்ளிக்கூடத்த மூடிட்டாங்களாம்."

"முடியாது" என்று பேனாவை மூடினேன்.

இதில் எனக்கென்று ஒரு நியாயம் இருந்தது. கூட்டமான பஸ்ஸில் பெண்பிள்ளைக்கு ஒரு தொல்லை என்றால் நாலு பேர் திரும்பிக் கேட்பார்கள். காலி பஸ்தான் என்னைப் பயமுறுத்தும். பொழுது சாயும் நேரத்தில், முந்திரிக் காட்டு ஓரத்தில் ஒரு ஸ்டாப்பில், ஒற்றைப் பெண்ணாக யாராவது இறங்கினால், கூட்டிப்போக ஆள் வருகிற வரைக்கும் நான் விசில் கொடுக்க மாட்டேன். டிரைவர் ஹாரனை அடித்துத் திட்டுவார். உள்ளே இருக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். நான் படியில் நின்றுகொண்டே இருப்பேன். தூரத்தில் ஒரு சைக்கிளோ டிவிஎஸ் வண்டியோ தெரிந்த பிறகுதான் ரைட் சொல்வேன். அப்படிப்பட்டவன் என் பிள்ளையை ஆளே இல்லாத ஊரில் இறக்கிவிட்டு எப்படி வருவேன்?

"ஊருன்னா ஆளு வேணும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டப் பாரு, ஊசி போட எடமிருக்கா? அது ஊரு" என்றேன்.

மகளுக்கும் என் கோபம்தான். போனைக் கீழே வைத்தாள்.

"அப்பா, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறது புதுக்கோட்டை ஆளுகளா? கந்தர்வக்கோட்டைக்குப் போறவங்க, ஆலங்குடிக்குப் போறவங்க, விராலிமலைக்குப் போறவங்க. முப்பது வருசமா நீங்க எண்ணுனது ஊருல இருக்கிறவங்கள இல்ல. ஊர விட்டுப் போறவங்களத்தான்."

பதில் வராதபோது செய்கிற காரியத்தைச் செய்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்து வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டீக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஒருவர் முகமும் ஊரைப் பார்த்து இல்லை. எல்லார் கண்ணும் வருகிற பஸ்ஸின் போர்டில் இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா துணிப்பையை மடியில் வைத்தபடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போய், வியர்த்துக் கொட்டியது. இத்தனை பேரில் ஒருவர் கூடக் கவனிக்கவில்லை. நானும் ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, தெளிந்த பிறகு அவர் போகவேண்டிய வல்லத்திராகோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கூட்டம் என்றால் காவல் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தவனுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகள் போனில் அந்த இல்லத்தின் பொறுப்பாளர் அம்மாவோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அந்த அம்மா தலை குனிந்து கும்பிடு மாதிரி ஒன்று போட்டார். நானும் போட்டேன். அவர் மறுபடியும் போட்டார். இது எப்போது முடியும் என்று தெரியாமல் நான் மூன்றாவது தடவை போட்டபோது மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது.

"ஏதாவது கேக்கணுமான்னு கேக்குறாங்கப்பா."

எனக்கு ஒரே கேள்விதான் வந்தது. "அந்த ஊருக்குப் பஸ் இருக்கா?"

மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா நெடுநேரம் பதில் சொன்னார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, சின்ன பஸ். கண்டக்டர் கிடையாது. இதைக் கேட்டதும் எனக்கு அந்த நாட்டின் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது. ஆனால் மகள் நிறுத்தாமல் தொடர்ந்தாள். "டிரைவருக்கு எல்லாரையும் தெரியுமாம்ப்பா. தெனமும் ஏறுறவங்க ஒரு நாள் ஸ்டாப்புல இல்லேன்னா, வீட்டுக்குப் போன் போட்டு என்னாச்சுன்னு கேப்பாராம். கேட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பாராம்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நம்ம தெருவுல ரெண்டு நாள் ஒரு வீட்டுக் கதவு தொறக்கலேன்னா நமக்குத் தெரியும். மெட்ராசுல தெரியுமா? அவ தெரியுற எடத்துக்குப் போகட்டும்" என்றாள்.

மனைவி தன் பெயரை அந்தக் காகிதத்தில் முதலில் எழுதினாள். அடியில் நான் எழுதினேன். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கோணாமல் எழுதிய கை, அசையாத தரையில் உட்கார்ந்து எழுதும்போது எழுத்தைக் கோணலாகப் போட்டது. மகள் அதைப் பார்த்தாள். என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துத் திருச்சி விமான நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டு வந்தோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். போனபிறகு நான் அழுதேன். மனைவி அழவில்லை. வீடு வந்து சேர்ந்து, அவளுடைய ஜப்பான் மொழி நோட்டுகளை எடுத்து அடுக்கும்போதுதான் அழுதாள். அந்த எழுத்தில் ஒன்று கூட எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள்.

போய்ச் சேர்ந்த மறுமாதம் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். அந்த ஊர் அலுவலகத்தில் மாதாமாதம் ஒரு சின்னப் பத்திரிகை அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்களாம். எங்கே தண்ணீர்க் குழாய் மாற்றுகிறார்கள், எந்தக் கிழமை குப்பை எடுப்பார்கள் என்றெல்லாம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஊரின் ஜனத்தொகை. ஒவ்வொரு தெரு வட்டத்துக்கும் தனித்தனியாக, ஆண் எத்தனை, பெண் எத்தனை, போன மாதத்தைவிடக் கூடியதா, குறைந்ததா என்று கட்டம் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் முழுக்கக் கழித்தல் குறிதான். குறைந்தது, குறைந்தது என்று இறங்கிக்கொண்டே வந்து, ஒரே ஒரு வரியில் மட்டும், பெண்கள் என்ற கட்டத்தில், ஒன்று கூடியிருந்தது. மகள் அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, "இது நாந்தாம்ப்பா" என்று எழுதியிருந்தாள்.

நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் பெற்ற பிள்ளையை யாரோ எண்ணி அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை.

சில மாதங்கள் கழித்து எங்கள் தெருவுக்கும் ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஆள் வந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர், கையில் போனோடு. சுவர் எதனால் கட்டியது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தார். அவர் தெருமுனையில் இருக்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். மூன்று பேர் என்றுதான் சொல்லப்போகிறேன். ரேஷன் கார்டில் மூன்று. அவளுடைய கட்டில் இருக்கிறது, துணி இருக்கிறது. அரசாங்கம் வந்து கட்டிலுக்கு அடியில் தேடவா போகிறது?

"வீட்டுல வழக்கமா எத்தனை பேருங்க இருக்கீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் என்ன சொன்னாலும் அதற்கு ஆமாம் போடத் தயாராக நிற்கிறாள் என்று தெரிந்தது. மூன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது மகள் அனுப்பிய அந்தப் படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தப் பக்கம் முழுக்க இறங்கிக்கொண்டே வந்த கழித்தல் குறிகளும், நடுவில் அந்த ஒன்றும். அவளை நான் இங்கே எண்ணிக்கொண்டால், அந்த ஊரில் கூடிய ஒரே ஆளையும் நான் திரும்பப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவர்களுக்கு அந்த மாதம் வேறு யாரும் வரவில்லை.

"ரெண்டு பேருங்க" என்றேன்.

டீச்சர் தட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மனைவி நிலையை விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.