ஊசி போட்ட சனிக்கிழமை

ஒருவருடைய நன்மைக்காக அவரை அடிக்கலாமா? அங்கமுத்துவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் எழுப்பிக்கொண்டிருந்தது. அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் மேஸ்திரி. ஓடுகிற மெஷினில் விரலை விடப்போன டெய்லரை முதுகில் ஒரு குத்து விட்டுத்தான் எச்சரிப்பார். குடித்துவிட்டு வந்தவனை இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் தலையை அமுக்குவார். அவரிடம் அடி வாங்கியதால் சிலர் பிழைத்தார்கள் என்பது உண்மை. அவரை யாருக்கும் பிடிக்காது என்பதும் உண்மை.

எண்பத்தேழில் கம்பெனிக்குள் டைபாய்டு புகுந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த டெய்லர் பெருமாள்சாமியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கமுத்துதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூன்றாம் நாள் அவன் செத்துப்போனான். மறு வருஷம் பங்குனியில் முதலாளி உத்தரவு போட்டார்: எல்லோரும் டைபாய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், போடாதவர்களுக்குத் திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லை.

கோயமுத்தூரிலிருந்து கம்பவுண்டர் சனிக்கிழமை ஒரு நாள்தான் வந்தார். ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சலில் கிடக்க வேண்டும் என்ற பேச்சு பரவி, பாதிப் பேர் பின்சுவர் ஏறிக் குதித்தார்கள். அங்கமுத்து துரத்திப் பிடித்தார். ராக்கையாவின் உதடு கிழிந்தது. கருப்புசாமியைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு ஊசி போடவைத்தார். பெருமாள்சாமிகூடப் போய்ப் படுத்துக்கோ, அங்கே லீவு நிறைய உண்டு என்று அவனைத் திட்டினார்.

கடைசியாகச் செக்கிங் வேலை பார்க்கும் வேலாத்தாள் நின்றாள். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு. போன வருஷம் அவள் மகனும் டைபாய்டில் கிடந்து பிழைத்தவன். அதற்காக மாரியம்மனுக்குப் பூவோடு எடுப்பதாக வேண்டியிருந்தாள். திருவிழா தொடங்கிக் கோயிலில் கம்பம் நட்டாயிற்று. பூவோடு என்ற அந்த நெருப்புச் சட்டியை ஏந்தி முடித்துக் காப்பு அவிழும்வரை உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது.

"அஞ்சு நாளு பொறுங்க மேஸ்திரி. கம்பம் புடுங்குனதீம் நானே கோயமுத்தூரு போயிப் போட்டுக்கறனுங்க."

அங்கமுத்து போய்க் கேட்டார். முதலாளி முடியாது என்றார். வேலாத்தாளுக்குப் புருஷன் இல்லை, இந்த வேலையை விட்டால் வேறு வழியும் இல்லை. அங்கமுத்துவும் பூவோடு எடுத்தவர்தான். காப்பை அவளே அவிழ்த்தால்தான் அவளுக்குக் குற்றம், வேறொரு கை அறுத்தால் குற்றம் அந்தக் கையோடு போய்விடும் என்று அவர் முடிவு செய்தார். அவளைக் கேட்கவில்லை.

பிசிறு வெட்டும் கத்தரியை அவள் மடியிலிருந்து பிடுங்கினார். கையை முறுக்கி மேஜைமேல் அழுத்தினார். அவள் கடித்தாள். விரல் எலும்பில் பல் பட்டும் அவர் பிடியை விடவில்லை. கயிறு அறுந்தது.

"பாவம் என்னோட போவட்டும். ஊசியப் போடுங்க" என்றார்.

கம்பவுண்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். வேலாத்தாள் கத்தரியைப் பறித்தாள்.

"எம் பையன் உசுருங்க அது."

மரியாதை குறையாமல் சொல்லிக்கொண்டே குத்தினாள். தோளில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. மூன்றாவது இடது கண்ணில் இறங்கியது.

ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டரை முதலாளியே கூட்டிவந்தார். கொலை முயற்சி என்று எழுதச் சொன்னார். நாற்பது பேர் பார்த்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அங்கமுத்து ஒரு வார்த்தை சொன்னால் வேலாத்தாள் ஜெயிலுக்குப் போவாள்.

"கத்தரி எங்கையிலதானுங்க இருந்துச்சு. அந்தப் புள்ளைய இழுத்துப் போட்டு அமுக்குனது நானு. தடுமாறி உழுந்ததுல எனக்கே குத்திக்கிச்சு. எம்மேல கேஸ் எழுதிக்குங்க."

"மூணு தடவையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூணு தடவையுமுங்க."

அம்மனுக்குப் பயந்து சொன்னதா, அவளுக்கு இரங்கிச் சொன்னதா என்று மனைவி மாரக்காள் பல வருஷம் கேட்டுப் பார்த்தாள்.