மரத்துக்குப் பின்னால் கிளிஃபர்ட்

பிராட்ஃபோர்டின் அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களும் சாமிவாரியாகத்தான் படுத்திருக்கிறார்கள். மேட்டில் ஆங்கிலிக்கன் திருச்சபைக்காரர்கள், பாதைக்கு இப்பால் மெத்தடிஸ்டுகள், சுவரோரம் யூதர்கள். விக்டோரியா ராணி காலத்துப் பாகப்பிரிவினை அது. முஸ்லிம்களுக்குப் பிற்பாடு பள்ளத்தில் இடம் ஒதுக்கினார்கள். எல்லாப் பக்கமும் குழி வெட்டியவர் கிளிஃபர்ட் ஹெப்வொர்த். வெட்டுகிறவன் ஜெபம் நடக்கும்போது யார் கண்ணிலும் படக்கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கூட்டம் கலையும்வரை மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

மனைவி டோரீன் இறந்தபோது அவர் அழவில்லை. மறுநாளும் அழவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி உடம்பெல்லாம் பரவியதுபோல மரத்துக் கிடந்தார். மகள் ஜில்லியனுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே உங்களுக்கு" என்றாள்.

வரவில்லைதான். வராததை எங்கே போய் வாங்குவது?

அடக்கத்தன்று போதகர் புத்தகத்தைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார். கிளிஃபர்டைக் காணோம். காரிலிருந்து இறங்கியவரைக் கால்கள் பழகிய வழியில் கொண்டுபோய்விட்டன. ஜில்லியன் தேடிப் போனபோது யூ என்னும் அந்த ஊசியிலை மரத்தின் பின்னால், கையில் தொப்பியோடு நின்றிருந்தார்.

"அப்பா, இங்க என்ன பண்றீங்க?"

"ஜெபம் முடியட்டும்னு நிக்கிறேன்."

"நீங்க இன்னிக்கு வேலைக்கு வரலை. அம்மாவப் புதைக்க வந்திருக்கீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே."

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், சொல்லியிருக்கக்கூடாது என்று பட்டது. கையைப் பிடித்து இழுத்துப் போனாள். குழியருகே நின்றபோது, ஓரம் நேராக வெட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

ஜெபம் முடிந்து எல்லோரும் தேநீருக்கும் ஹாம் சாண்ட்விச்சுக்கும் கிளம்பினார்கள். கிளிஃபர்ட் அசையவில்லை. கூட வேலை பார்க்கும் ஜாகிர் மண்வெட்டியோடு வந்தான்.

"நான் மூடிடறேன், கிளிஃப். நீ போய் டீயக் குடி."

"பள்ளத்துல, உங்க ஆளுங்க பக்கத்துல யாரு மூடுவாங்க?"

"தெரியாத மாதிரி கேக்கற. வீட்டு ஆளுங்கதான். வேத்தாளக் கை வைக்க விடமாட்டோம்."

"அப்போ குடு இங்க."

வாங்கி, மண்ணை அள்ளி, பெட்டியின் மேல் போடாமல் பக்கவாட்டில் மெல்ல வழியவிட்டார். குடும்பம் வாசலைத் தாண்டும்வரை அப்படித்தான் போடுவார்கள். பெட்டியில் மண் விழும் சத்தம் அவர்கள் காதுக்குப் போகக்கூடாது.

"சும்மா போடுப்பா" என்றான் ஜாகிர். "ஜில்லியன் மட்டும் வாசல்ல நிக்கிறா. அவளுக்குக் கேக்காது."

"எனக்குக் கேக்கும்" என்றார் கிளிஃபர்ட்.

அதற்குமேல் அவரால் அள்ள முடியவில்லை. தோள்கள் குலுங்குவதைப் பார்த்த ஜில்லியன் வாசலிலிருந்து ஓடி வந்தாள். மண்வெட்டியை வாங்கி, அவரைப் போலவே, பக்கவாட்டில் மெல்லப் போட ஆரம்பித்தாள்.