பீட்சாவுக்குக் கை நனைக்கலாமா?

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் கை நனைக்க மாட்டார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் ஆகும். உட்கார்ந்து சாப்பாடு சாப்பிட்டுக் கை கழுவினால் மட்டும் சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் தெரிந்தும், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பார்க்க வந்தவர்களுக்கு நான் பீட்சா செய்து வைத்தேன். கொழுப்புதான், வேறென்ன.

அதற்கு முன் இரண்டு இடத்தார் வந்து போயிருந்தார்கள். இரண்டு பேரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "போய்ச் சொல்லியனுப்பறோமுங்க" என்றார்கள். யாரும் சொல்லியனுப்பவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டாம் என்றாவது சொல்லித் தொலைக்கலாம் அல்லவா? இந்த முறை எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான், உண்டு அல்லது இல்லை.

பீட்சா என்றால் என்னவென்று எனக்கும் சரியாகத் தெரியாது. காந்திபுரத்தில் பதினைந்து நாள் பேக்கரி வகுப்புக்குப் போயிருந்தேன். மெல்லிசாக, ஓரம் மொறுமொறுவென்று வரவேண்டும் என்றார் டீச்சர். வகுப்புக்குக் கீழே இருந்த பேக்கரியிலோ அதே பெயரில் தடித்த பன்மேல் முட்டைக்கோசும் தக்காளி சாஸும் இருந்தன. பம்பாயிலிருந்து வந்த சித்தி மகள் இரண்டையும் பார்த்துச் சிரித்தாள். அங்கே சீஸைக் குவித்துப் போடுவார்களாம், அது நூல் நூலாக இழுபட வேண்டுமாம். எது அசல்? குழம்பிப்போய் மூன்றையும் சேர்த்துச் செய்தேன். போதாததற்குக் கடலை எண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டு, வட்ட அலுமினிய ஓவனில் வைத்தேன்.

"ஏங்கண்ணு, ரொட்டி மேல பொரியலக் கொட்டி வெச்சா அவிங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள் அம்மா.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் சரவணம்பட்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. முதல் துண்டைத் தின்றுவிட்டு, "பெங்களூர்ல இது வேற மாதிரி இருக்குமுங்க" என்றார். நல்லதாகச் சொன்னாரா, குறை சொன்னாரா, புரியவில்லை. ஆனால் இரண்டாவது எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார்.

அவருடைய அப்பா பாதித் துண்டோடு நிறுத்திக்கொண்டு என் அப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க, இது பலகாரத்துல சேருமுங்களா, சாப்பாட்டுல சேருமுங்களா?"

கேலி இல்லை, நிஜமான சந்தேகம். என் அப்பா கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர், எதற்கும் கையோடு பதில் வைத்திருப்பவர். அவரே திணறிப்போய் என் பக்கம் திரும்பினார். "அம்மணி, நீதான கிளாசுக்குப் போன, சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தாலியில் இது முழுச் சாப்பாடு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நம்மூர் பேக்கரியில் நாலு மணித் தீனி. சாப்பாடு என்றால் தட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். பலகாரம் என்றால் நிம்மதியாகத் தின்றுவிட்டு, போய்ச் சொல்லியனுப்புவார்கள். எதைச் சொன்னாலும் எனக்குத்தான் இடி. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"எனக்கே தெரியலீங்க. அந்தூர்ல இதுதான் ராத்திரிச் சாப்பாடாமுங்க."

மாப்பிள்ளையின் அப்பா தட்டை மெல்ல ஸ்டூல்மேல் வைத்தார். அவருடைய மனைவி தொடவே இல்லாத தன் தட்டை இன்னும் தள்ளி வைத்தார். அம்மா அடுக்களை வாசலிலிருந்து முறைத்தாள்.

மாப்பிள்ளை மட்டும் நாலாவது துண்டை முடித்துவிட்டு எழுந்தார். அவர் தட்டோரத்தில் நான் மடித்து வைத்திருந்த டிஷ்யூ பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"கை கழுவத் தண்ணி எங்கீங்க இருக்குது?" என்று என்னிடம் கேட்டார்.

"கையில ஒண்ணும் ஒட்டலியே கண்ணு, பேப்பர்ல தொடச்சுக்கோ" என்றார் அவருடைய அம்மா.

"சாப்பிட்டாக் கை கழுவோணுமல்லம்மா."

நான் முன்னே போய்ப் பின்கட்டில் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் அவர் பேண்ட் மேல் போயிற்று.

திரும்பி வந்தபோது அவருடைய அப்பா மகனின் ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூல்மேல் ஆறிக் கிடந்த பாதித் துண்டை எடுத்து, முழுவதும் மென்று விழுங்கினார்.

"எனக்கும் ஒரு செம்பு தண்ணி கொண்டா அம்மணி" என்றார்.