எஃப் வருவதற்குள் ஒரு தோசை

போன மாதம் ஒரு நாள் காலை, கீழ்வீட்டு சுகுணா கறிவேப்பிலை கேட்டு மாடிக்கு வந்தாள். வாங்கிக்கொண்டவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

“அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காச்சும் கிடார் வேணுமா?”

எனக்குத் திக்கென்றது. விற்பதா? அவள் வீட்டுக்காரர் முனிரத்தினம் சாரின் கிடாரையா?

“ஆமாக்கா. விநாயக சவிதி ப்ரோக்ராமுக்குப் பேர் குடுத்துட்டாரு. போன வருசம் மாதிரி இந்த வருசமும் பாட்டு பாதியில நின்னுட்டா, கிடாரை வித்துடறேன்னு சொல்லிகினு கீறாரு. சொன்னா செய்யற ஆளு. தெரிஞ்சவங்க வாங்கினா, அப்பப்ப போயி பாத்துட்டாவது வரலாம் இல்ல?”

கிடாரைப் போய்ப் பார்ப்பதா என்று சிரிக்கப் போனேன். அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

முனிரத்தினம் சாருக்கு ஊர் நகரி. வயது ஐம்பதை நெருங்குகிறது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. விடியும் முன் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திருப்பதி திரும்புவார். வந்ததும் மற்றவர்கள் டி.வி. போடுவார்கள். இவர் கிடாரை எடுப்பார்.

திருப்பதியில் கிடார் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. எத்தனை காலேஜ், எத்தனை ஹாஸ்டல்! முதல் வருஷம் ஆசையாக வாங்குவார்கள், கடைசி வருஷம் ரூமைக் காலி செய்யும்போது தள்ளிவிட்டுப் போவார்கள். அப்படி வந்ததுதான் இவருடையதும். முன்னால் வைத்திருந்தவன் ஒட்டிய மண்டையோட்டு ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே சுகுணா ஏழுமலையான் படம் ஒன்றை ஒட்டிவிட்டாள். இரண்டு பேரும் சண்டையில்லாமல் இருக்கிறார்கள்.

சரி, பாட்டு ஏன் நிற்கிறது?

எல்லாம் எஃப் என்ற ஒரு கார்டால் வந்த வினை. கார்ட் என்றால், கம்பிகளைச் சேர்த்து அமுக்கி ஒரே மீட்டில் ஒலிக்க வைப்பது. மற்ற கார்டுகளுக்கு விரல் நுனி போதுமாம். எஃப்புக்கு மட்டும் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள் மேலும் அப்படியே படுக்க வைத்து அமுக்க வேண்டும். ஒரு கம்பி தப்பினாலும் ‘டப்’ என்று செத்த சத்தம். கிடாரைத் தூக்கிப் பரணில் போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த எஃப்பில்தான் போடுகிறார்களாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சுகுணா சொல்லித்தான். கிடாரைத் தொட்டதே இல்லை, ஆனால் எஃப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாள்.

அவர் வாசிப்பது ஒரே ஒரு பாட்டு. தமிழிலும் தெலுங்கிலும் ஹிட்டான பழைய சினிமாப் பாட்டு. எதுவென்று சொல்லமாட்டேன்... சொன்னால் நீங்களும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். முதல் இரண்டு வரி தண்ணீர் மாதிரி ஓடும். மூன்றாவது வரியில் எஃப். பாட்டு நின்றுவிடும். கீழே விரல்கள் இடம் தேடும். டப். மறுபடி டப். அப்புறம் ஒரு மாதிரியாக ஏதோ ஒலிக்கும், பாட்டு நகரும். அந்த இடைவெளியில் நான் மேலே ஒரு தோசையைத் திருப்பிப் போட்டுவிடுவேன்.

சுலப வழி இல்லாமல் இல்லை. நாலு கம்பியை மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் இருக்கிறது. கிளிப் மாட்டிச் சமாளிக்கலாம். யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். மனிதர் கேட்கவில்லை. “அது எஃப் இல்லம்மா” என்று என்னிடமே ஒரு தரம் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

ஏனென்றால், நம் ஊரில் எதைக் கற்றுக்கொண்டாலும் முதல் கேள்வி — எதுக்கு? சர்டிஃபிகேட் வருமா? இன்க்ரிமென்ட் வருமா? இவர் எதுவும் வராத ஒன்றுக்காக, களைத்துப்போன உடம்போடு தினம் உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொள்கிறார். ஆசை என்ற ஒன்றைத் தவிர வேறு காரணமே கிடையாது. இது எவ்வளவு பெரிய விஷயம்!

சுகுணா வந்துபோன மறுநாளிலிருந்து கீழே சத்தம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், கிடார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்புகிறார். போச்சு, விலை பேசப் போகிறார் என்று நினைத்தேன். அந்த வாரம் என் தோசைகள் கருகின. கை பழக்கத்தில் கீழேயிருந்து வரும் பாட்டுக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும்?

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. பார்க்கிங்கில் பந்தல், பிள்ளையார், பிளாஸ்டிக் நாற்காலிகள். குழந்தைகள் டான்ஸ் முடிந்ததும் அபார்ட்மெண்ட் செக்ரெட்டரி மைக்கில் அழைத்தார். முனிரத்தினம் சார் வந்து உட்கார்ந்தார். சட்டை முதுகு முழுக்க வியர்வை. என் பக்கத்தில் சுகுணா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆரம்பித்தார். முதல் வரியிலேயே எங்கள் அபார்ட்மெண்டே சேர்ந்து பாடியது. பாதிப் பேர் தமிழில், பாதிப் பேர் தெலுங்கில். இரண்டாவது வரி. மூன்றாவது வரி...

எஃப் வந்தது! ஒரு டப் இல்லை. ஆறு கம்பியும் மணி மணியாக ஒலித்தன. கிடார் நிற்காமல் அடுத்த இடத்துக்குப் போனது.

ஆனால் நாங்கள் நின்றுவிட்டோம்.

அத்தனை பேரும். ஒரே இடத்தில். வாயை மூடிக்கொண்டு, இடைவெளி முடியட்டும் என்று காத்திருக்கிறோம்! இத்தனை மாதமாகச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு, எங்களுக்குப் பாட்டே அப்படித்தான் என்று பதிந்துவிட்டது. ஒரிஜினலை எஃப்.எம்.மில் கேட்டபோது கூட, என்ன இப்படி அவசரமாகப் பாடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

திடீரென்று கூட்டம் அமைதியானதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். தான்தான் தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். விரல் நழுவியது. வாசிப்பு நின்றது. போன வருஷத்து முகம் மறுபடியும் வந்தது. கிடாரைக் கழற்றப் போனார்.

சுகுணா எழுந்து நின்றாள். “ஏங்க! நீங்க எங்க நின்னீங்க? நாங்கதான் நின்னுட்டோம்!”

பந்தலே சிரித்தது. செக்ரெட்டரி மைக்கைப் பிடித்து, “சார், மள்ளீ! மள்ளீ மொதலு நுஞ்சி!” என்று கத்தினார். எல்லோரும் ‘மறுபடி, மறுபடி’ என்று கத்தினோம்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாவது வரி வந்தது. இந்தத் தடவை நாங்கள் நிற்கக் கூடாது என்று நினைத்தோம்... பழக்கம் விடுமா? நின்றோம். அவர் எங்களைப் பார்த்தார், சிரித்தார், எஃப்பை மீட்டினார். மீட்டிவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே ஒலிக்க விட்டார். அந்த இடைவெளி முழுக்க, எத்தனையோ மாதம் ‘டப்’ மட்டுமே கேட்ட அந்த இடம் முழுக்க, அவருடைய எஃப் நிறைந்து நின்றது. அது அடங்கிய பிறகு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லோரும் சேர்ந்து நாலாவது வரிக்குள் போனோம். பாட்டு முடிந்து கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது.

பிரசாதம் வாங்கும்போதுதான் சங்கதி தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தலப்பட்டில் இருக்கும் தம்பியின் மாந்தோப்புக்குப் போய், எஃப்பை மட்டுமே வாசித்திருக்கிறார். மற்ற நாட்களில் வீட்டில் கம்பிக்கடியில் துணியைச் செருகிக்கொண்டு சத்தமில்லாமல்.

“அப்ப கிடாரை விக்கலையே?” என்று சுகுணாவைக் கேட்டேன்.

“யாரு, இவுரா? வாங்க யாராச்சும் வரட்டும், நான் குடுக்கறனா பாருங்க!”

நேற்று சாயங்காலம் கீழேயிருந்து புதுப் பாட்டு ஒன்று கிளம்பியது. இரண்டாவது வரியில் நின்றது. டப்... டப்...

“இப்ப பி மைனர் கார்டாம்க்கா!” சுகுணா படியிலிருந்தே சொன்னாள். முகமெல்லாம் சிரிப்பு.

நான் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினேன்.