உப்பு பார்க்கக் கொடுத்த கரண்டி

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். யார் பேச்சையும் கேட்டுப் பழக்கமில்லை. கொரோனா காலத்தில், மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். கீழே ஈப்போ டவுனிலோ சர்ச்சே திறந்துவிட்டது. அங்கே நோய் ஒழிந்திருக்கும் என்று நானே முடிவு செய்து, காய்கறி லாரியில் ஏறி, பேரனின் ஞானஸ்நானத்துக்குப் போய் வந்தேன். பக்கத்து வீட்டு ரோசம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

நாலாம் நாள் வைத்த மீன்குழம்பில் எனக்கு ருசியே தெரியவில்லை. நான் வாயில் வைத்த கரண்டியையே, வழக்கம்போல உப்பு பார்க்க ரோசம்மாளிடம் நீட்டினேன்.

"என்னாக்கா, கடலையே கொட்டிட்டியா?" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் அவளை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பதினெட்டு நாள் மூச்சுக்குப் போராடினாள்.

திரும்பி வந்தவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"லாரியில போனவ என்னையும் கூப்பிட்டிருக்கலாம்லா. சரி, இன்னைக்கு என்ன குழம்பு? கரண்டியக் கழுவிக் கொண்டா."

இரண்டு ஊருக்கு இரண்டு சட்டம் போட்டவர்களைத் திட்டலாம்தான். ஆனால் நடுவில் நோயைச் சுமந்து வந்தது நான்.

ஸ்டெல்லா, நான் சொன்னதை எழுதிவிட்டாயா? ஒருமுறை வாசித்துக் காட்டுடி. பாட்டி என்று பாவம் பார்த்து என் தப்பைக் குறைத்திருக்கிறாயா என்று கேட்க வேண்டும்.